அவளிடம் எப்போதும் தோற்பவள்

டி.வி.யில் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கும் முன்பே கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த டீம் என்றாலே இந்த ஆளுக்கு ஆகாது, போன தடவையும் சறுக்கினார், அதற்கு முந்தின தடவையும் சறுக்கினார் என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்ற மூவரும் பஞ்சாங்கம் படிக்கக் கேட்பதுபோல் தலையாட்டுவார்கள். நான் சத்தத்தை நிறுத்திவிடுவேன். "நடந்ததைத்தானே சொல்றாங்க, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று வீட்டில் கேட்பார்கள். கோபம்தான். அது அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் வந்த கோபம். இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

நான் ஆடியது கிரிக்கெட் இல்லை, பூப்பந்து. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதை இறகுப்பந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. மஞ்சள் கம்பளிப் பந்து, மர மட்டை, செம்மண் தரை, பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இருவர், பின்னால் இருவர், நடுவில் ஒருத்தி. நடுவில் நிற்பவளுக்கு சென்டர் என்று பெயர். எந்தப் பந்து யாருக்கு என்று கத்திச் சொல்வது அவள் வேலை. அவள் "என்னுது" என்று கத்தினால் மற்ற நாலு பேரும் அசையக் கூடாது. "விடு" என்று கத்தினால் பந்து கோட்டுக்கு வெளியே போகிறது, யாரும் தொடக் கூடாது. தாம்பரத்தில் எங்கள் பெண்கள் அணிக்கு நான்தான் சென்டர்.

அப்போது நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஓட்டு வீடு. அப்பா அம்மா இருவரும் இல்லை. பி.யு.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு கம்பெனியில் கிளார்க். நல்லவன், வாய் திறக்கமாட்டான். அண்ணி ஆரம்பப் பள்ளி டீச்சர். அவளுக்கு வாய் உண்டு, ஆனால் திட்டமாட்டாள். "உனக்குப் பிடிக்குமேன்னு கொஞ்சம் கூட வச்சேன்" என்று சொல்லித்தான் தட்டில் சோறு போடுவாள். அந்தக் 'கூட' என்ற வார்த்தை எனக்குத் தொண்டையில் நிற்கும். தண்டச்சோறு என்று நேராகச் சொல்லியிருந்தால் நானும் நேராக ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் என்னை அதற்கு விடமாட்டாள்.

அதே அண்ணிதான் எங்கள் அணியில் எனக்குப் பின்னால் இடது பக்கம் ஆடுபவள். வீட்டிலும் என் முதுகுக்குப் பின்னால், திடலிலும் என் முதுகுக்குப் பின்னால். கல்யாணத்துக்கு முன் பள்ளி அணியில் ஆடியவள், கை பலம் உள்ளவள். அது உண்மை. உண்மையைச் சொல்ல எனக்கொன்றும் கஷ்டமில்லை.

எங்களுக்கு எதிரி வண்டலூர் அணி. அதன் சென்டர் ஒரு ரயில்வே கேட் கீப்பருடைய மகள். நெட்டை, ஒல்லி, கறுப்பு, கண்ணிமைக்காமல் பார்ப்பாள். தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நிற்கும்போதே நம்மைப் பாதி ஜெயித்துவிட்டவள்போல் இருப்பாள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எங்களோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள். நான் அவளை வெறுத்தேன். அவளும் என்னை வெறுத்தாள் என்றுதான் நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் எனக்கு அவமானம்.

அவளிடம் நாங்கள் தோற்றோம். ஒரு தடவை இல்லை, ஆடிய எல்லாத் தடவையும். முதலில் தோற்றது நியாயமான தோல்வி. எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அடுத்த வருடம் எங்கள் முன்வரிசைப் பெண் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகி, அவளை நொண்ட விட்டுக்கொண்டே ஆடித் தோற்றோம். இன்னொரு தடவை வண்டலூரில் தூறல். கம்பளிப் பந்து தண்ணீர் குடித்தால் கல்லாகிவிடும். அவர்கள் அந்த ஈரத்திலேயே தினமும் ஆடிப் பழகியவர்கள். அதற்குப் பிறகு ஒன்று, இரண்டு அணியும் சமமாக ஆடி, கடைசியில் வலையில் பட்டு எங்கள் பக்கம் விழுந்த ஒரு பந்தில் போயிற்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஆனால் ஊருக்கு அதெல்லாம் எதற்கு? எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மேலே என் பெயரை எழுதிவிட்டார்கள். 'அவளிடம் எப்போதும் தோற்பவள்.' கடைத்தெருவில் மளிகைக்காரர்கூடப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "வண்டலூர் பொண்ணுகிட்ட மட்டும் உனக்கு ஏம்மா வர மாட்டேங்குது?" என்று கேட்பார்.

இந்த நிலைமையில்தான் அந்தச் செய்தி வந்தது. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் பெண்கள் பூப்பந்து அணி சேர்க்கிறார்களாம். மற்ற இடங்களுக்கு ஆள் கிடைத்தாயிற்று, சென்டர் மட்டும் பாக்கி. ஆட்டத்துக்காக எடுத்தாலும் வேலை நிரந்தரம், குமாஸ்தா சம்பளம். எங்கள் திடலில் நடக்கும் போட்டியின் கடைசி ஆட்டத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். கடைசி ஆட்டத்துக்கு வந்து நிற்பது எங்கள் அணியும் வண்டலூர் அணியும். இரண்டு சென்டர்களில் ஒருத்திக்கு வேலை.

அந்த வேலை எனக்கு வேண்டும். அதை நான் யாரிடமும் நாசூக்காகச் சொல்லவில்லை. வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன், அண்ணியிடம் சொன்னேன். காலையில் எழுந்து, என் காசில் வாங்கிய டிபன் பாக்ஸில் சோறு கட்டிக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துப் போவது. மாலையில் வந்து, என் பங்கைக் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று வாய் விட்டுக் கேட்டுச் சாப்பிடுவது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கேட் கீப்பர் மகளுக்கும் அது தேவையாகத்தான் இருந்திருக்கும். அது என் கவலை இல்லை.

எங்கள் அணியை நடத்தியவர் ஒரு டிரில் மாஸ்டர். சேலையூரின் பழைய குடும்பம். அவர்கள் வீட்டு நெல் வயல் ஒன்றை மேடாக்கி, செம்மண் கொட்டி, அதைத்தான் எங்களுக்குத் திடலாகக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் அவரே தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போடுவார். இடம் அவருடையது, வலை அவருடையது. ஆகவே சொல்லும் அவருடையதே. செய்தி வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ முன்னாடி வலது பக்கம் ஆடும்மா. சென்டருக்கு உங்க அண்ணி வரட்டும்."

"ஏன் மாஸ்டர்?"

"உன் ஆட்டத்துல குறை ஒண்ணும் இல்லை. மத்த டீமோட ஆடும்போது நீதான் சென்டர், அதுல பேச்சே கிடையாது. இவங்களோடன்னா உனக்கு ராசி இல்லை. அந்தப் பொண்ணு எதிர்ல நின்னா உனக்கு ஓடலை. நானும் எத்தனை தடவை பாக்கறது?"

"ராசியா?"

"கோவிச்சுக்காதே. நடந்ததைச் சொல்றேன்."

நடந்ததைச் சொல்கிறாராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாஸ்டர், தோத்தது நான் மட்டுமா? அஞ்சு பேர் ஆடினோம், அஞ்சு பேரும் தோத்தோம். காலைப் பிசக்கிக்கிட்டவ தோத்தா, சர்வீஸைப் பூரா வலையிலேயே போட்டவ தோத்தா, எங்க அண்ணியும்தான் தோத்தாங்க. கணக்கை மட்டும் ஏன் என் தலையில எழுதினீங்க? அவங்களுக்கு ராசி இருக்கா? அவங்க ஒரு தடவையாவது வண்டலூர்கிட்ட ஜெயிச்சிருக்காங்களா?"

மாட்டிக்கொண்டால் செய்வதை மாஸ்டர் செய்தார், விசிலை எடுத்துத் துடைத்தார். "சென்டர்னா அப்படித்தாம்மா. ஜெயிச்சா மாலை சென்டருக்கு, தோத்தாலும் பேரு சென்டருக்கு" என்றார்.

"அப்ப அந்தப் பேரை நானே சுமக்கறேன். நடுவுல நான் இல்லைன்னா, நான் ஆடவே இல்லை. ஆறாவதா யாரைக் கொண்டுவந்து நிறுத்துவீங்களோ நிறுத்துங்க."

ஆறாவதாக இருந்தது ஒரு பெஞ்சுப் பெண். மட்டையைத் துடைப்பம்போல் பிடிப்பாள். மாஸ்டருக்கு அது தெரியும். "உன் இஷ்டம். நாளைக்கு என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று போய்விட்டார். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அண்ணி ராசியை நம்புகிறவள் இல்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள்; ராசி, சகுனம் என்று பேசுவது பாவம் என்று பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ராசி என்று வாயால் சொல்லமாட்டாள். அதையே வேறு பெயரில் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வாரம் எங்கள் வீட்டில். பாட்டு முடிந்து, பாஸ்டரம்மா, "யாருக்காவது ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்க" என்றார். ஒருத்தி மகனுடைய பரீட்சைக்காகச் சொன்னாள். இன்னொருத்தி மாமியாருடைய மூட்டுவலி. அப்புறம் அண்ணி எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கண்ணில் ஏற்கெனவே தண்ணீர்.

"என் நாத்தனாருக்காக. வண்டலூர் டீம்ல ஒரு பெண் இருக்கு. அந்தப் பெண்ணைப் பார்த்தாலே இவளுக்குக் கை கால் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடுது. தொடர்ந்து தோல்விதான். இது சாதாரண தோல்வி இல்லை, ஏதோ ஒரு கட்டு. அந்தக் கட்டு உடையணும்னு எல்லாரும் மனசுல பாரமா எடுத்து ஜெபிங்க."

நான் காப்பித் தம்ளர்களை அடுக்கிய தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அந்தத் தட்டை அப்படியே கூட்டத்தின் நடுவில் போட்டு உடைத்திருக்க வேண்டும். போடவில்லை. இத்தனை பெண்கள் கண்ணை மூடி, கையைத் தூக்கி, எல்லோரும் ஒரே நேரத்தில், சத்தமாக, எனக்காக ஜெபிக்கும்போது என்ன செய்வது? ஒருவர் "தோல்வியின் ஆவியே" என்று அதட்டினார். இன்னொருவர் "வண்டலூரின் பிடியிலிருந்து" என்றார். மூட்டுவலிக்கும் பரீட்சைக்கும் ஆளுக்கு ரெண்டு வரி. எனக்கு மட்டும் கால் மணி நேரம். ஜோசியம் பார்க்கும் மாஸ்டரும் ஜெபம் செய்யும் அண்ணியும் வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. என் விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "உங்களை யார் கேட்டா?"

"உன் நல்லதுக்குத்தானே?"

"என் நல்லதுக்குன்னா வாயை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணியிருக்கலாமே. ஆண்டவருக்குக் காது கேக்காதா?"

அண்ணி அழுதாள். அண்ணன் வந்து, வாசலிலேயே நின்று, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு டீச்சர் வேலை பார்த்தது வண்டலூர் பள்ளிக்கூடத்தில். ஜெபக் குறிப்பு ரகசியம் இல்லையே, பாரமான விஷயமல்லவா. திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து அணிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? தாம்பரம் சென்டருக்கு உங்கள் பெண்ணைப் பார்த்தாலே கைகால் ஓடாதாம், வீட்டிலேயே ஜெபம் நடக்கிறதாம் என்று போய்ச் சேர்ந்தது. ஆட்டத்தன்று காலையில் வண்டலூர்ப் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்துக் கையை மேலே தூக்கி, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக் காட்டினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நெட்டை மட்டும் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நல்ல கூட்டம். வயல்வரப்பில் ஜனம் உட்கார்ந்திருந்தது. அதிகாரி நாற்காலியில், கையில் இளநீரோடு, பக்கத்தில் மாஸ்டர் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்தேன், அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

ஆட்டம் தொடங்கி ஐந்தாறு பந்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாப் பந்தும் என்னிடம்தான் வந்தது. பூப்பந்தில் சென்டர் கெட்டிக்காரியாக இருந்தால், எதிரணி அவளைத் தவிர்த்து மூலைக்கு அடிக்கும். அவள் நடுவில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். முந்தைய ஆட்டங்களில் வண்டலூர் அதைத்தான் செய்தது. இந்தத் தடவை செய்தி போயிருந்ததே, நான்தான் ஓட்டை என்று. ஓட்டையைப் பார்த்து அடித்தார்கள். நெட்டையும் என்னைப் பார்த்தே அடித்தாள். வாழ்நாளில் எனக்கு அத்தனை பந்து கிடைத்ததில்லை. வா, வா என்று நின்றேன்.

ஆனால் மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய இடத்தில் முதல் ஆட்டம் போயிற்று. போனதற்குக் காரணம் எதிரே இல்லை, பின்னால் இருந்தது. நான் "என்னுது!" என்று கத்துவேன்; என் மட்டை எழும்; அதற்குள் இடது பக்கத்திலிருந்து அண்ணி பாய்ந்து வந்து அதே பந்துக்கு மட்டையை வீசுவாள். என் மட்டையில் அவள் மட்டை, தோளில் தோள், பந்து தரையில். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, பூரா ஆட்டமும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் கொடுமை. இவளால் முடியாது, இவளுக்குக் கட்டு இருக்கிறது என்று அவள் மனதார நம்பினாள். நம்பியதால் அவள் கால் தானாக ஓடி வந்தது. மற்ற மூன்று பேரும் மெல்ல மெல்ல உள்ளே நெருங்கிக்கொண்டு வந்தார்கள். ஓரங்கள் காலியாகக் கிடந்தன. அங்கே ஒரு பந்து, இங்கே ஒரு பந்து என்று நெட்டை போட்டுக்கொண்டே இருந்தாள்.

போன தோல்விகள் அன்றைக்கு என் கையில் இல்லை, என் காலில் இல்லை. இந்த நாலு பேருடைய காலில் இருந்தன. அதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பக்கம் மாறும்போது எல்லோர் முன்னாலும் அண்ணியிடம் போனேன். "அண்ணி, நான் என்னுதுன்னு கத்தினா நீங்க நகரக் கூடாது. இன்னொரு தடவை நகர்ந்தீங்கன்னா, பந்தை விட்டுட்டு உங்களை அடிப்பேன். சத்தியமா அடிப்பேன்."

அண்ணிக்கு முகம் சிவந்தது. "பாத்தீங்களா மாஸ்டர், பெரியவங்கன்னு ஒரு மட்டு மரியாதை இருக்கா?" என்றாள். மாஸ்டர் ஓடிவந்து, "என்னம்மா இது, வெளியாள் பாக்கறாங்க" என்றார். "பாக்கட்டும்" என்றேன். மற்ற மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் தாங்களாகவே பின்னால் நகர்ந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் அண்ணி நகரவில்லை. என் பேரில் நம்பிக்கை வந்து அல்ல, வீம்பு. இவள் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று ஆணி அடித்ததுபோல் நின்றாள். எனக்கு அது போதும். நடுவில் வந்ததெல்லாம் என்னுடையது. வண்டலூர் விடாமல் என்னையே அடித்துக்கொண்டிருந்தது. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஓட்டை எங்கேயென்றுதான் ஊரே சொல்லிவிட்டதே. அதை ஜெயித்தோம். மூன்றாவதில் நெட்டை விழித்துக்கொண்டாள், மூலைக்கு அடிக்க ஆரம்பித்தாள், பின்னால் அண்ணி எடுத்தாள். ஆத்திரத்தில் இருந்ததால் அவள் கைக்கு இன்னும் பலம் வந்திருந்தது. கடைசிப் பந்தை நான் அடித்தேன். வலையின் மேல்விளிம்பில் பட்டு, ஒரு கணம் நின்று, அந்தப் பக்கம் விழுந்தது. அதிர்ஷ்டம் என்று வரப்பில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதே போல எங்கள் பக்கம் விழுந்து நாங்கள் தோற்றபோது யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை.

நெட்டை மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். என்னைப் பார்க்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, வாய் விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதிகாரி காருக்குப் போகும்போது மாஸ்டர் என்னைக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. நானே போனேன்.

"நீ நல்லா ஆடினேம்மா" என்றார் அவர். மரியாதையான மனிதர். "இன்னிக்கு உன் நாள்."

"அப்ப சார், அந்த வேலை..."

"அது அந்தப் பொண்ணுக்குத்தான். தப்பா நினைக்காதே. ஒரு நாள் ஆட்டத்தை வச்சு ஆள் எடுக்க முடியாது. உனக்கும் அந்தப் பொண்ணுக்கும் இதுவரைக்கும் எத்தனை ஆட்டம்? எல்லாத்திலயும் அது கை ஓங்கியிருக்கு. இதுதானே முதல் தடவை நீ ஜெயிக்கறே? எங்களுக்கு வருஷம் பூரா ஆடற ஆள் வேணும்."

"எல்லா ஆட்டமும்னு உங்களுக்கு யார் சொன்னது சார்?"

அவர் பக்கத்தில் நின்ற மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் விசிலைத் துடைத்தார்.

பிறகு மாஸ்டரைத் தனியாகப் பிடித்து உலுக்கினேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் உண்மை வந்தது. ஆட்டத்துக்கு முன்னாலேயே அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்: எங்க பொண்ணு நல்லா ஆடும் சார், ஆனா இந்த டீம்கிட்ட மட்டும் எப்பவும் தோத்துடும், நீங்க அதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது. நாங்கள் தோற்றால் தன் மானம் போகாமல் இருக்க முன்கூட்டியே போட்டு வைத்த பாய் அது. "நீ ஜெயிப்பேன்னு நான் கண்டேனா?" என்று கேட்டார். பயிற்சி கொடுத்தவர் கேட்டார் இதை. அதற்குப் பிறகு அவரோடு ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் நான் பேசியதில்லை.

வீட்டில் அண்ணி, "கட்டு உடைஞ்சுதா இல்லையா? முதல்ல அதுக்கு நன்றி சொல்லு. வேலை பின்னால வரும்" என்றாள். தட்டில் சோறு போட்டாள். அன்றைக்குக் 'கூட' என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே போட்டிருந்தாள்.

அடுத்த வருடம் அந்த ஆபீஸ் அணி எங்கள் திடலுக்கு ஆட வந்தது. மாஸ்டர்தான் ஏற்பாடு, பந்தல், மைக் செட், வாடகை நாற்காலி எல்லாம். எனக்கு வேலை ஒன்றும் வந்திருக்கவில்லை. சென்டரில் நான்தான் நின்றேன், மறுபேச்சுப் பேச யாருக்கும் தைரியம் இல்லை. எதிரே நெட்டை. வெள்ளைச் சீருடை, புது கேன்வாஸ் ஷூ. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற முகம் தனியாகத் தெரியும், அது அவளுக்கு வந்திருந்தது.

மைக் பிடித்தவர் வெளியூர்க்காரர். யாரோ சொல்லிக்கொடுத்ததை வைத்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டு வந்தார். அவளிடம் வந்ததும் குரலை உயர்த்தினார். "நம்ம வண்டலூர் மண்ணின் மகள்! தாம்பரம் அணியிடம் இதுவரை தோல்வியே கண்டிராத வீராங்கனை!"

வரப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் போன வருடமும் அங்கேயே உட்கார்ந்திருந்தவர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் கை தட்டினார். என் பின்னால் அண்ணியும், விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்தாளோ என்னவோ, கை தட்டினாள். வேலைதான் போயிற்று, ஜெயித்ததாவது மிச்சம் என்று நான் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டார்கள். போய் மைக்கைப் பிடுங்கலாம் என்று ஓர் அடி வைத்தேன்.

எனக்கு முன் அவள் போய்விட்டாள். அறிமுகம் செய்தவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவள் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இல்லீங்க. போன தபா நான் இங்கதான் தோத்துட்டுப் போனேன். தோ நிக்கிறாங்களே, அவங்ககிட்டதான். அதையும் சேத்து சொல்லுங்க."

கைதட்டல் எழுந்தது. அந்த மாதிரிக் கைதட்டலை அந்தத் திடலில் நான் கேட்டதே இல்லை. அணியோடு வந்திருந்த அதிகாரி எழுந்து நின்று தட்டினார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய மனசு" என்று அண்ணி என் முதுகுக்குப் பின்னால் சொன்னாள்.

அத்தனை பேரும் அவளைப் பார்த்துத்தான் தட்டினார்கள். போன வருடம் ஜெயித்தவள் நான். அதைச் சொன்னதற்கும் கைதட்டல் அவளுக்கே.